மடியே முதற்பள்ளி

பூந்தமல்லியைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர், செம்பரம்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்பினால் கடல்போல் விரிந்த ஏரியைக் காணலாம். 24 அடி உயரத்திற்கு நீர் நிறையும்போது 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் இவ்வேரி, சென்னை மாநகரின் தாகம் தீர்க்கும் நீர்நிலைகளுள் ஒன்று. ஏரியைச் சூழ்ந்த நிலமோ நீரால் மட்டுமன்றித் தமிழாலும் பக்தியாலும் நிறைந்தது. வடபால் திருமழிசை ஆழ்வார் அவதரித்த திருமழிசை. வடகிழக்கே திருக்கச்சி நம்பிகளின் பூந்தமல்லி. மேற்கே 1017ஆம் ஆண்டு உடையவர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர். ஏரியின் கிழக்குக் கரையை அடுத்து, தெய்வச் சேக்கிழார் பிறந்த குன்றத்தூர். சொல்லால் இறைவனைத் தொழுத பெரியோர் இத்தனை பேர் ஒரே வட்டாரத்தில் தோன்றியது எண்ணி மகிழத்தக்கது.

குன்றத்தூரில் அருண்மொழித்தேவர் என்னும் பெயரோடு சேக்கிழார் வளர்ந்த இளமைக் காலத்தைப் பற்றி ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மலையினும் பெரியது எது, கடலினும் பெரியது எது, உலகினும் பெரியது எது என்று மூன்று வினாக்களைச் சோழ மன்னன் கேட்டனுப்பினான். விடை தெரியாமல் தந்தையார் கவலையுற்றிருந்தார். இளைஞரான அருண்மொழித்தேவரோ மூன்று திருக்குறள்களையே மூன்று விடைகளாக எழுதி அனுப்பினார். மன்னன் வியந்து அவரை அழைத்துக்கொண்டான். பின்னாளில் இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராக விளங்கி, அறுபத்துமூவர் வரலாற்றைத் திருத்தொண்டர் புராணமாகப் பாடியவர் அவரே.

இந்தக் கதையைச் சொல்லும் பெரியோர், அதனுள் இருக்கும் ஒரு கேள்வியையும் சேர்த்து எண்ணிப்பார்க்கலாம். தக்க சமயத்தில் அந்த இளைஞரின் நாவில் குறள் வந்து நின்றது எப்படி? ஏட்டைப் புரட்டித் தேடிய விடையாக அது தோன்றவில்லை. சிறு வயது முதற்கொண்டு காதில் விழுந்து விழுந்து உள்ளத்தில் தங்கிய சொல்லே, வேண்டும்பொழுது இவ்வாறு எழுந்து வரும். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்திருப்பதும் இங்கே நினைக்கத்தக்கது. படித்து அறிவது ஒன்று. கேட்டு அறிவது மற்றொன்று. குழந்தைக்கு முதலில் வாய்ப்பது இரண்டாவதுதான்.

காதே முதல் ஏடு

ஏரிக்கு நீர் வானிலிருந்து மட்டும் வருவதில்லை. எங்கெங்கோ பெய்த மழையை வரத்துக்கால்கள் ஏந்திக் கொணர்ந்து சேர்க்கின்றன. வரத்துக்கால் தூர்ந்துபோனால் எவ்வளவு பெரிய ஏரியும் வறண்டே கிடக்கும். குழந்தையின் எழுத்தறிவும் அத்தகையதே. பள்ளியில் ஐந்து வயதில் அது வாசிக்கத் தொடங்கும்போது, ஏற்கெனவே காதால் கேட்டு நாவால் பேசிப் பழகிய சொற்களைத்தான் எழுத்துருவில் அடையாளம் காண்கிறது. ‘குளம்’ என்று எழுத்துக்கூட்டிவிட்ட குழந்தைக்குக் குளம் என்ற சொல் முன்பே தெரிந்திருந்தால், அதன் கண் முன் நீரும் தாமரையும் தோன்றும். தெரியாத குழந்தைக்கோ அது வெறும் மூன்று ஒலிகள். வீட்டில் ஏராளமான சொற்களைக் கேட்டு வளர்ந்த குழந்தைகள் பள்ளியில் விரைந்து வாசிப்பதற்குக் காரணம் இதுவே.

இந்தச் செவிக்கல்வி பிறந்த பின் தொடங்குவதுமன்று. கருவில் ஆறு மாதம் நிறையும் காலத்திலேயே சிசுவின் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது என்று மருத்துவ நூலோர் கூறுகின்றனர். பிறந்த சில நாட்களிலேயே குழந்தை தாயின் குரலைப் பிற குரல்களினின்று பிரித்தறிகிறது. தாயின் வயிற்றிலிருந்தே நாரதரின் உபதேசத்தைக் கேட்ட பிரகலாதனின் சரிதத்தைப் பக்தியோடு கேட்டு வந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

பத்துப் பருவங்களும் ஒரு பாடமும்

இறைவனையும் அடியாரையும் குழந்தையாகப் பாவித்துப் பாடும் பிள்ளைத்தமிழ், தமிழுக்கே உரிய அரிய இலக்கிய வகை. பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடியதில் இதன் வித்து உள்ளது. தனி நூலாக முதலில் அமைந்தது ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் என்பர். அந்தக் குலோத்துங்கனின் அவையில்தான் சேக்கிழாரும் வீற்றிருந்தார். பல நூற்றாண்டுகள் கழித்து அந்தச் சேக்கிழாரையே குழந்தையாக்கிச் சேக்கிழார் பிள்ளைத்தமிழ் பாடினார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைக் கோயில் சொற்பொழிவுகளில் கேட்டிருப்போர் பலர். அவற்றை ஒரு குழந்தையின் மொழி வளர்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், முன்னோரின் கூர்ந்த நோக்கு விளங்கும். காப்புப் பருவத்தை அடுத்து, ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் செங்கீரை. கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் குழந்தையைப் பாடுவது அது. கீர் என்பதற்குச் சொல் என்று பொருள் கொண்டு, மழலையின் முதல் ஒலியையே அது குறிக்கும் என்பாரும் உண்டு. அடுத்தது தால். தால் என்றால் நா. நாவை ஆட்டிப் பாடுவதே தாலாட்டு. பின்னர்க் கைகொட்டும் சப்பாணி, முத்தம் தரும் பருவம், தளர்நடையிட்டு வரும் வருகை, நிலவை அழைக்கும் அம்புலி. மாதக் கணக்கு நூலுக்கு நூல் சிறிது மாறினாலும் வரிசை மாறுவதில்லை.

இப்பருவப் பாடல்கள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பாடுபவர் குழந்தையை நோக்கி ஆடுக, கொட்டுக, தருக, வருக என்று வேண்டுகிறார். வேண்டிவிட்டு அதன் மறுமொழிக்காகக் காத்திருக்கிறார். குழந்தை ஒரு கை தட்டினால் அது மறுமொழி. ஒரு சிரிப்பு மறுமொழி. ‘ம்மா’ என்னும் ஓர் ஒலியும் மறுமொழி. அதைக் கேட்டு மகிழ்ந்து பெரியவர் மீண்டும் பேசுகிறார். பேச்சு இப்படிப் போய் வந்து, போய் வந்து வளர்வதே மொழி கற்கும் வழி என்று இன்றைய குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்களும் சொல்கின்றனர்.

அம்புலிப் பருவம் இதில் தனிச்சிறப்புடையது. சோற்றுக் கிண்ணத்தோடு மொட்டை மாடியில் நிற்கும் பாட்டி, ‘அதோ பார் நிலா’ என்று விரல் நீட்டுகிறார். குழந்தை முதலில் விரலைப் பார்க்கிறது. பிறகு விரல் காட்டும் திசையைப் பார்க்கிறது. நிலவைக் கண்டதும் திரும்பிப் பாட்டியின் முகத்தைப் பார்க்கிறது. இருவர் பார்வையும் ஒரே பொருளில் பதியும் அந்தக் கணத்தில்தான் ‘நிலா’ என்னும் ஒலியும் வானத்து ஒளியும் குழந்தையின் மனத்தில் ஒன்று சேர்கின்றன. சொல்லுக்குப் பொருள் உண்டு என்று ஓர் உயிர் அறிந்துகொள்ளும் இடம் அதுவே.

ஏரிக்கரை வீடுகளில் இன்று

செம்பரம்பாக்கம், திருமழிசை, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என இந்த மேற்குப் புறநகர் முழுவதும் வாழ்க்கை முறை மாறியிருக்கிறது. மகனும் மருமகளும் விடியலில் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைக்கோ நகரத்து அலுவலகத்திற்கோ புறப்பட்டுவிடுகின்றனர். பகல் முழுவதும் பேரக்குழந்தை தாத்தா பாட்டியின் பொறுப்பு. முதிய உடலுக்கு ஓடியாடும் குழந்தையைச் சமாளிப்பது எளிதன்று. முழங்கால் வலிக்கிறது, சமையல் காத்திருக்கிறது, குழந்தை வாய் திறந்து சோறு வாங்க மறுக்கிறது. அந்த வேளையில் கைப்பேசியில் ஒரு பாட்டை ஓடவிட்டால் குழந்தை அசையாமல் அமர்ந்து உண்கிறது. ஸ்லோகமும் பக்திப் பாடலும்தானே ஓடுகின்றன என்ற ஆறுதலும் பெரியவர்களுக்கு உண்டு.

ஆனால் திரை பேசும், காத்திருக்காது. குழந்தை கை தட்டினாலும் ‘காக்கா’ என்றாலும் திரையிலுள்ள உருவம் அதைக் கேட்பதில்லை. போய் வரும் பேச்சு, போவதோடு நின்றுவிடுகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தை மிஞ்சலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. பக்திப் பாடலே ஆனாலும், கைப்பேசி பாடுவதைக் காட்டிலும் பாட்டி தன் கரகரத்த குரலில் பாடுவதே குழந்தைக்குப் பயன் தரும். பாட்டியின் உதடு அசைவதைக் குழந்தை பார்க்கிறது. பாட்டு நின்றதும் ‘இன்னும்’ என்று கேட்கிறது. பாட்டி மீண்டும் பாடுகிறார்.

பெரியவர்கள் செய்ய வேண்டுவது அதிகம் ஒன்றுமில்லை. குழந்தை சொல்லும் ஒரு சொல்லை வாங்கி, அதனோடு இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பதுதான்.

“காக்கா” என்கிறான் பேரன்.

“ஆமாண்டா கண்ணு, கறுப்புக் காக்கா. சோறு கேட்டு வந்திருக்குது. நாம வெக்கலாமா?” என்கிறார் ஆயா.

“சோறு காக்கா” என்கிறான் அவன்.

அமாவாசைப் படையலுக்குக் காக்கைக்குச் சோறு வைக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் ஒற்றைச் சொல் இரட்டைச் சொல்லாக வளர்ந்துவிடுகிறது. கேள்வி கேட்டபின் சற்றுப் பொறுத்திருப்பது முக்கியம். குழந்தை சொல்லைத் தேடி எடுக்க நேரம் ஆகும். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருந்தால் பெரும்பாலும் மறுமொழி வரும். அவசரப்பட்டுப் பெரியவரே விடையைச் சொல்லிவிட்டால், பேச வேண்டிய தேவை குழந்தைக்கு இல்லாமற்போகிறது.

இவ்வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களும், வேலை நிமித்தம் வடமாநிலங்களிலிருந்து வந்து தங்கிய குடும்பங்களும் உண்டு. இரண்டு மொழிகளைக் கேட்டால் குழந்தை குழம்பிவிடும் என்று அஞ்சிச் சிலர் தம் மொழியை விட்டு, அரைகுறை ஆங்கிலத்தில் பேரனிடம் பேசுகின்றனர். அந்த அச்சம் தேவையற்றது. பெரியவர்க்கு எந்த மொழியில் கதையும் கொஞ்சலும் கோபமும் தடையின்றி வருமோ, அந்த மொழியில் பேசுவதே குழந்தைக்கு வளம். ஒரு மொழியில் வேரூன்றிய குழந்தைக்கு அடுத்த மொழி எளிதில் வசப்படும்.

கோயிலே பாடநூல்

கோயிலுக்கு நாள்தோறும் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு பெரும் பேறு வாய்த்திருக்கிறது. மொழி கற்கக் கோயிலைப்போல் வளமான இடம் வேறில்லை. அர்ச்சனைத் தட்டைக் கொடுத்து நிற்கும்போது குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார். தன் பெயர் இறைவன் திருமுன் உரக்க ஒலிப்பதைக் கேட்டுக் குழந்தை நிமிர்ந்து பார்க்கிறது. பின்னாளில் அது முதலில் எழுத விரும்பும் சொல்லும் அந்தப் பெயராகவே இருக்கும்.

குன்றத்தூர் முருகன் கோயில் படியேறும்போது தாத்தாவும் பேத்தியும் ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். வாயிலில் ஒளிரும் ‘ஓம் முருகா’ என்னும் எழுத்துகளைத் தொடர்ந்து சுட்டிக்காட்டலாம். பத்தாம் முறை செல்லும்போது, விரல் நீட்டுமுன்பே குழந்தை ‘முருகா’ என்று சொல்லும். அது இன்னும் வாசிப்பாகிவிடவில்லை. ஆயினும் சுவரிலுள்ள கோடுகள் ஏதோ ஒன்றைப் பேசுகின்றன என்னும் அறிவு அதற்கு வந்துவிட்டது. வாசிப்பின் முதற்படி அதுவே. தேரையும் திருவிழாவையும் கண்டு வீடு திரும்பியதும், ‘முதலில் யார் வந்தார், பிறகு யார் வந்தார்’ என்று கேட்டால், நிகழ்ந்ததை வரிசையாகச் சொல்லும் பயிற்சியும் கிட்டும். கதை சொல்லத் தெரிந்த குழந்தைக்குக் கதை படிப்பது கடினமாவதில்லை.

ஒரே கதையைத் தினமும் கேட்டு நச்சரிக்கும் குழந்தையைக் கண்டு சலிப்படைய வேண்டியதில்லை. கண்ணப்பர் கதையை இருபது நாள் கேட்டபின், இருபத்தோராம் நாள் பாட்டி ஒரு சொல்லை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னால், ‘இல்லை, முதலில் ஒரு கண்’ என்று குழந்தை திருத்தும். கதை அதன் சொந்தமாகிவிட்டதற்கு அது சான்று. திருஞானசம்பந்தர் மூன்று வயதில் சீர்காழிக் குளக்கரையில் தாய் தந்தையரை விளித்து அழுது ஞானப்பால் உண்ட வரலாற்றைக் கூறும்போது, குழந்தைகள் கண்ணிமைக்காமல் கேட்பர். தம்மை ஒத்த சிறுவன் ஒருவன் பேசினான், பாடினான் என்பது அவர்களுக்குப் பெருமிதம் தருகிறது.

அரிசியில் எழுதும் அகரம்

விஜயதசமியன்று சரஸ்வதி சந்நிதியில் குழந்தையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பற்றிப் பரப்பிய அரிசியில் ‘அ’ என்று எழுதுவிப்பது நம் வழக்கம். கையில் எழுதுகோல் ஏதுமில்லை. விரலே எழுதுகோல், தானியமே ஏடு. முன்னாளில் திண்ணைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதியே பழகினர். எழுதும்போதே வாய்விட்டு ஒலிப்பர். கண், காது, நா, விரல் நான்கும் ஒரே எழுத்தை ஒருசேரக் கற்றன.

இந்த மணலெழுத்து கடல் கடந்த வரலாறு சென்னைக்குப் பெருமை தருவது. 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், ஒருநாள் குதிரையில் செல்லும்போது, நம் நாட்டுப் பள்ளிச் சிறுவர்கள் தரையில் மணல் பரப்பி எழுதிக் கற்பதைக் கண்டார். தம் இல்லத்திலும் அதைப் புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் தயங்கவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்க அமர்த்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் அம்முறை நல்ல பலன் தந்தது. 1797இல் அவர் அதை நூலாக லண்டனில் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயருடன் அது இங்கிலாந்தில் பல பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பொருளால் 1833இல் எழுந்த பள்ளி, இன்றும் சென்னையின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இவ்வளவு பழைமையான முறை கையிலிருக்க, மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்துக் கோடிட்ட நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது பொருந்தாது. விஜயதசமியில் எழுதும் ‘அ’, வழிபாடு. எழுத்துருவில் அது வளைவும் சுழியும் நிறைந்த கடினமான எழுத்து. நேர்கோடுகளால் ஆன ‘ட’, ‘ப’ முதலியன சிறு விரல்களுக்கு எளியவை. விரல்கள் உறுதி பெற வேர்க்கடலை உரிப்பதும், உதிரிப்பூவைப் பொறுக்கிக் கூடையில் இடுவதும், பாட்டியோடு கோலப்பொடியில் புள்ளி வைப்பதும் போதும். எழுத்து தானாக வந்து அமரும்.

தமிழ் எழுத்துகள் 247 என்றதும் மலைப்பு வேண்டாம். உயிர் 12, மெய் 18 என்னும் முப்பதை அறிந்து, அவை கூடும் முறையையும் அறிந்துவிட்டால் உயிர்மெய் 216உம் வழிக்கு வரும். எஞ்சுவது ஆய்தம் ஒன்றே. அந்த ஒலிகளின் வரிசையைக் காதுவழியே குழந்தைக்குப் பழக்கியவர் ஒளவைப் பாட்டி. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அகர வரிசையில் தொடங்குவது தற்செயலன்று. பொருள் விளங்காத வயதிலும் அவற்றைத் தாளத்தோடு சொல்லும் குழந்தை, ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைப் பிரித்தறியக் கற்கிறது. ‘மு-வில் தொடங்கும் பெயர் சொல்லு’ என்று தாத்தா கேட்க, முருகன், முறுக்கு, முயல் என்று பேரன் அடுக்கும் விளையாட்டு, வாசிப்புக்கு நேர்வழி.

வீட்டுக்கு வெளியேயும் துணைகள் உண்டு. 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள், உணவோடு பாட்டும் கதையும் விளையாட்டும் தருகின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகத் தமிழக அரசு 2022 ஜூன் மாதம் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை இதே திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கியது. இரண்டு ஆண்டு பிறரோடு பேசிப் பழகாத பிள்ளைகள் எழுத்திலும் பின்தங்கினர் என்பது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பை நாடறியச் செய்தது.

பேச்சு தாமதமானால்

இவ்வளவும் செய்தும் சில குழந்தைகளுக்குப் பேச்சு வருவதில்லை. அப்போது பல வீடுகளில் முதலில் எழும் குரல் மூத்தவர்களுடையதுதான். ‘நம்ம வீட்டு ஆம்பளைப் பசங்க எல்லாம் லேட்டாத்தான் பேசுவாங்க. உன் வீட்டுக்காரனும் மூணு வயசுலதான் வாய் திறந்தான்’ என்று கலங்கி நிற்கும் மருமகளுக்கு ஆறுதல் சொல்கின்றனர். நெஞ்சார்ந்த அன்பினால் சொல்வதுதான். அந்த ஆறுதலிலேயே ஓராண்டு, ஈராண்டு கழிந்துவிடுவதும் உண்டு. ‘குமரகுருபரர்கூட ஐந்து வயதுவரை பேசவில்லையே’ என்று பக்தியோடு மேற்கோள் காட்டுவோரும் உளர்.

குமரகுருபர சுவாமிகளின் வரலாற்றை முழுமையாக நினைவுகூர்தல் நன்று. ஸ்ரீவைகுண்டத்தில் சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்த அவர் ஐந்து ஆண்டுகள் ஊமையாக இருந்தார். பெற்றோர் ‘தானே பேசுவான்’ என்று வாளாவிருக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்குச் சென்றனர். வீடு வாசலை விட்டு, ஒரு மண்டலம் விரதம் கிடந்தனர். அன்று அவர்களால் செய்யக்கூடியது எதுவோ, அதை முழுமையாகச் செய்தனர். செந்திலாண்டவன் அருளினான், குழந்தை வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியது. அவ்வரலாறு பெரியோர்க்குக் காட்டும் நெறி, காலம் தாழ்த்தாமல் எழுந்து செல்வது.

இன்றைய பெற்றோர்க்குச் செந்தூரும் உண்டு, செவிப் பரிசோதனையும் உண்டு. ஒன்றைச் செய்தால் மற்றொன்று வேண்டாம் என்பதில்லை. பேசாத குழந்தைகளுள் சிலருக்குக் காது கேளாமையே காரணமாக இருக்கும். கேளாத ஒலியை நா எப்படி உரைக்கும்? அத்தகைய குழந்தை கண்ணால் கூர்ந்து பார்த்துச் சமாளித்துக்கொள்வதால், கேட்கிறது என்றே வீட்டார் நம்பிவிடுகின்றனர். பூஜை மணி ஒலித்ததும் குழந்தை திரும்புகிறதே என்பர். மணியை ஆட்டும் கையைப் பார்த்துத் திரும்புகிறதா, ஒலியைக் கேட்டுத் திரும்புகிறதா என்பது பின்புறமிருந்து மணியடித்தால்தான் தெரியும். அதுவும் ஓர் ஐயத்தை எழுப்பவே உதவும். முடிவு சொல்ல வேண்டியது பரிசோதனையே.

பத்து மாதமாகியும் ‘பபப’, ‘மமம’ என்ற மழலை ஒலி இல்லாமை. ஓராண்டு நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை. ஒன்றரை வயதிலும் பொருளுள்ள ஒரு சொல்கூட வாராமை. இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை. முன்பு பேசிய சொற்களை எந்த வயதிலேனும் இழந்துவிடுதல். கண்ணோடு கண் நோக்காமை. இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் குழந்தை மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும். செவிப் பரிசோதனை வலி தருவதன்று. உறங்கும் குழந்தையின் காதில் சிறு முனையொன்றை வைத்துச் சில நிமிடங்களில் முதற்கட்டச் சோதனையை முடித்துவிடுவர். தேவைப்பட்டால் மேலும் விரிவாகச் சோதிப்பர்.

செலவை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். குறை காணப்பட்டால் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்திற்கு அனுப்புகின்றனர். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும், முட்டுக்காட்டில் இயங்கும் பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனமும் சென்று சேரக்கூடிய தொலைவிலேயே உள்ளன. செவிக்கருவியாலும் பயன் பெறாத அளவுக்குக் கேளாமை உள்ள, ஆறு வயதுக்குட்பட்ட தகுதியுடைய குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். ஆறு வயது என்னும் அந்த வரம்பு கவனிக்கத்தக்கது. மூளை மொழியை எளிதில் ஏற்கும் காலம் குழந்தையின் தொடக்க ஆண்டுகளே; எவ்வளவு முன்னதாகக் கண்டறிகிறோமோ அவ்வளவு நன்மை. காத்திருந்து கடந்துபோன ஆண்டை எந்தப் பரிகாரமும் மீட்டுத் தராது.

ஆகவே, ‘இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்’ என்று சொல்லி வந்த மாமியாரே, ‘வாம்மா, நாளைக்கே போய்க் காட்டிவிட்டு வந்துவிடலாம், நானும் கூட வரேன்’ என்று சொன்னால், மருமகளின் பாரம் பாதி குறையும். குடும்பத்தில் மூத்தவர் சொல்லுக்கு இருக்கும் வலிமையை அந்த இடத்தில் பயன்படுத்துவதே பெரும் புண்ணியம். பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லையெனத் தெரிந்தால் மன நிம்மதி. குறை இருந்தால் காலத்தே சிகிச்சை. இரண்டும் இறையருளே.

வாய் பேசாதிருந்த குமரகுருபரர், வளர்ந்து மதுரையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேற்றினார். குழந்தைப் பருவத்தில் சொல்லின்றித் தவித்தவரே, உலகன்னையைக் குழந்தையாக்கிச் செங்கீரையும் தாலும் பாடினார். பின்னர்க் காசிக்குச் சென்றபோது, அங்கு வழங்கிய இந்துஸ்தானி மொழி தமக்கு வசமாக வேண்டிக் கலைமகளைத் துதித்துச் சகலகலாவல்லி மாலை பாடினார் என்பது வரலாறு. நவராத்திரி ஒன்பது நாளும் வீடுதோறும் ஒலிக்கும் பாமாலை அது.

வரும் நவராத்திரியில் கொலுவின் முன் அதைப் பாடும்போது, பேரக்குழந்தையை மடியில் இருத்திக்கொள்ளலாம். ஓர் அடியைப் பாடி நிறுத்தி அதன் முகத்தைப் பார்க்கலாம். உதடு குவிகிறதா, கை தட்டுகிறதா, ஓர் ஒலி எழுகிறதா என்று சற்றே காத்திருக்கலாம். எழுந்தால் மகிழ்ந்து அடுத்த அடியைப் பாடலாம். எழவில்லையெனில், கொலு முடியும்வரை காத்திராமல் மருத்துவரை நாடலாம். இரண்டில் எது நேர்ந்தாலும், குழந்தைக்கு முதற்பள்ளி பெரியவரின் மடியே. அங்கே முதல் பாடத்தைத் தொடங்கி வைக்கும் பொறுப்பைக் கலைமகள் மூத்தவர்களிடமே தந்திருக்கிறாள்.